மகளைப் பார்க்க அயர்லாந்து போகிறீர்களா? ஏரிப் பக்கம் நான்கு நாள் ஒதுக்குங்கள்

முதலில் என் பணம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பணமாவது மிஞ்சட்டும்.

என் மகள் டப்ளினில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். பேத்தி பிறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அடையாறில் கத்திரி வெயில் தொடங்கும் நேரமாகப் பார்த்து நானும் என் வீட்டுக்காரரும் கிளம்ப ஏற்பாடு. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் கதை உங்களுக்கே தெரியும். ஒரு நாள் டூர் பஸ்ஸில் ஏற்றி மோஹர் குன்றுகளைக் காட்டிவிட்டுக் கூட்டி வருவார்கள். மீதி நாளெல்லாம் ரசம் வைத்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இந்த முறை அப்படி வேண்டாம், ஏரியும் பழைய கோட்டையும் இருக்கிற கிராமப் பக்கம் நாலு நாள் தங்கிவிட்டு வருவோம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இங்கேயே ஒரு டிராவல் ஏஜென்ட்டிடம் "அயர்லாந்து ஏரிப் பகுதி" என்று சொன்னேன். அவர் எனிஸ்கில்லன் என்ற ஊரில் மூன்று இரவுக்கு அறை போட்டுக் கொடுத்தார். ரத்து செய்தால் பணம் வராத வகை.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை அந்த வவுச்சரை வாட்ஸாப்பில் பார்த்துவிட்டு போன் செய்தார். "அத்தை, இது வேற நாடு."

எனிஸ்கில்லன் இருப்பது ஃபெர்மனா கவுண்டியில். அது வட அயர்லாந்து, பிரிட்டனுக்குச் சொந்தம். எங்கள் பாஸ்போர்ட்டில் இருந்தது அயர்லாந்துக் குடியரசின் விசா. ஏஜென்ட்டிடம் கேட்டால், "எல்லாம் ஒரே தீவுதானே மேடம்" என்றார். 28,000 ரூபாய் போனது போனதுதான்.

ஆனால் அந்த நஷ்டத்தால்தான் எல்லைக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தேடினேன். ஷானன் ஆற்றின் மேல்பகுதி, அதாவது ரோஸ்காமன், லீட்ரிம், ஸ்லைகோ, கேவன் என்ற நான்கு கவுண்டிகள் உரசிக்கொள்ளும் இடம். டூர் பஸ்கள் அதிகம் எட்டிப் பார்க்காத ஊர்கள். நாங்கள் போனபடியே நீங்களும் போகலாம். நாங்கள் செய்த தவறுகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

விசாவும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோடும்

அயர்லாந்து ஷெங்கன் கூட்டத்தில் இல்லை. பாரிஸ் போக எடுத்த விசா இங்கே செல்லாது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 90 நாள் வரை தங்கும் குறுகிய கால விசாவுக்கு ஒருமுறை நுழைய 60 யூரோ, பலமுறை நுழைய 100 யூரோ. ஆன்லைனில் படிவத்தை நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்திட்டு, மற்ற காகிதங்களோடு கொடுக்க வேண்டும். மகனோ மகளோ எழுதும் அழைப்புக் கடிதத்தில் எங்கே தங்குவீர்கள், செலவு யார் பொறுப்பு என்பது தெளிவாக இருக்கட்டும்.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம். விசா ஸ்டிக்கரில் பி.ஐ.வி.எஸ். என்ற நான்கு எழுத்து இருந்தால் அதே விசாவில் பிரிட்டனுக்கும், ஆகவே வட அயர்லாந்துக்கும் போய் வரலாம். ஒரே நிபந்தனை, விசா கொடுத்த நாட்டுக்கு முதலில் போக வேண்டும். விண்ணப்பிக்கும்போதே இரண்டு பக்கமும் போகும் எண்ணம் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஸ்டிக்கரில் அந்த எழுத்துகள் இல்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், அந்த எல்லையில் எதுவுமே கிடையாது. கேட் இல்லை, போலீஸ் இல்லை, போர்டுகூடப் பல இடங்களில் இல்லை. இரண்டு வயல்களுக்கு நடுவே சாலை போய்க்கொண்டே இருக்கும். போனில் இருக்கும் மேப்புக்கு விசா பற்றிக் கவலை இல்லை. கேவன் நகரத்திலிருந்து பிளாக்லயன் கிராமத்துக்கு வழி கேட்டால் ஸ்வான்லின்பார் வழியாக நேராக வட அயர்லாந்துக்குள் இழுத்துப் போகும். நீங்கள் கண்ணால் கண்டுபிடிக்கலாம். குடியரசுப் பக்கம் சாலை ஓரக் கோடு மஞ்சள், வடக்கே வெள்ளை. இங்கே வேக வரம்பு கிலோமீட்டரில், அங்கே மைலில். இந்தப் பக்கத்துப் பலகைகளில் ஆங்கிலப் பெயருக்கு மேலே சாய்ந்த எழுத்தில் ஐரிஷ் பெயர் இருக்கும். திடீரென்று மஞ்சள் கோடு வெள்ளையானால் வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். நாங்கள் ஒரு தடவை சரியாக அந்த இடத்தில், ஒரு டிராக்டர் பொறுமையாகக் காத்திருக்க, திருப்பினோம்.

எதை எடுத்துப் போவது

சென்னையிலிருந்து டப்ளினுக்கு நேர் விமானம் இல்லை. துபாய், தோஹா, அபுதாபி என்று ஏதாவது ஓரிடத்தில் மாறிப் போவதே நல்லது. லண்டன் வழி டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டு, பிறகு டிரான்சிட் விசாவுக்கு ஓடாதீர்கள்.

நெய் டப்பாவை வீட்டிலேயே வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வத்தல், ரசப்பொடி போதும். நெய்யும் கறிவேப்பிலையும் டப்ளின் இந்தியக் கடைகளில் கிடைக்கும், விலையைப் பார்த்தால்தான் கொஞ்சம் மயக்கம் வரும்.

குடை வேண்டாம். நம் ஐப்பசி மழை மேலேயிருந்து கொட்டும். அங்கே மழை பக்கவாட்டில் வரும், அதுவும் தூறலாக, ஒரு நாளைக்கு ஆறு தடவை. குடை முதல் காற்றிலேயே மல்லாந்துவிடும். தொப்பி வைத்த மழை ஜாக்கெட்டும், தண்ணீர் புகாத ஷூவும் சென்னையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நான் புடவைதான் கட்டுவேன் என்று சொல்லிக்கொண்டு போனவள். முதல் நாள் ஈரப் புல்லில் முழங்கால் வரை நனைந்தபிறகு மகளுடைய டிராக் பேண்டுக்கு மாறினேன். அப்புறம் திரும்பி வரும்வரை அதுதான்.

மே, ஜூன் சிறந்த மாதங்கள். பல பழைய இடங்கள் கோடை காலத்தில் மட்டுமே திறந்திருக்கும், ஜூலையில் அவர்கள் பள்ளி விடுமுறைக் கூட்டம் சேர்ந்துவிடும். ஜூன் மாதம் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். என் வீட்டுக்காரர் இருட்டினால்தான் இரவுச் சாப்பாடு என்ற கொள்கை உடையவர். இரண்டு நாள் பட்டினி கிடந்துவிட்டு மனம் மாறினார்.

பாயில்: ரயில் ஏறிப் போகும் ஊர்

டப்ளின் கானலி நிலையத்திலிருந்து ஸ்லைகோ போகும் ரயிலில் ஏறுங்கள். முல்லிங்கர் வரை ராயல் கால்வாய் கூடவே வரும். சுமார் இரண்டே கால் மணி நேரத்தில் கேரிக்-ஆன்-ஷானன், அதற்கு அடுத்த நிறுத்தம் பாயில். இரண்டு ஊரில் எதில் வேண்டுமானாலும் தங்கலாம். கேரிக்கில் ஹோட்டலும் கடையும் அதிகம், வார இறுதியில் சத்தமும் அதிகம். நாங்கள் பாயிலில் ஒரு வீட்டு மாடியில் தங்கினோம். காலைச் சாப்பாடு அவர்களே கொடுப்பார்கள். தட்டில் கறுப்பாக வட்ட வட்டமாக ஏதாவது இருந்தால் அது பன்றி ரத்தத்தில் செய்த பிளாக் புட்டிங். சைவக்காரர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பாயிலை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அடையாறு தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள் நான். பிரம்மஞான சபைத் தோட்டத்தின் மதிலை ஒட்டியே என் பஸ் போகும். அங்கே வாழ்ந்து 1954-இல் இறந்த மார்கரெட் கசின்ஸ் பிறந்த ஊர் இந்தப் பாயில். 1878-இல் பிறந்தார். அயர்லாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு சிறைக்குப் போனார், 1915-இல் கணவரோடு இந்தியா வந்தார். 1917-இல் அன்னி பெசன்ட் அம்மையாரோடும் மற்றவர்களோடும் சேர்ந்து அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார். 1919-இல் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்தபோது, நாம் எழுந்து நின்று பாடும் தேசிய கீதத்தின் மெட்டை ஸ்வரப்படுத்தியதில் இவருக்குப் பங்கு உண்டு. 1932-இல் நமக்காக வேலூர் சிறையிலும் இருந்தார். இவ்வளவு செய்த ஒரு பெண் எப்படிப்பட்ட தெருவில் ஓடி விளையாடியிருப்பார் என்று பார்க்க ஆசை. பார்த்தேன். ஒரு ஆறு, அதன்மேல் கல் பாலம், மேடேறும் கடைத்தெரு, மூலைக்கு மூலை மதுக்கடை. ஒருமுறை நின்று பார்த்துவிட்டு டீ குடித்தோம். அவர்கள் டீ நம் டீ மாதிரியே திடமாக, பால் விட்டு இருக்கும். இங்கிலாந்து மாதிரி வெந்நீர் கிடையாது.

ஊரிலேயே நடந்து போகும் தூரத்தில் இரண்டு இடங்கள். ஒன்று பாயில் மடாலயம். 1161-இல் சிஸ்டர்சியன் துறவிகள் தொடங்கியது, கட்டி முடிக்க அறுபது ஆண்டு பிடித்தது. உள்ளே போனதும் கூரை இல்லாத நடுக்கூடத்தில் நின்று முதலில் ஒரு பக்கத்து வளைவுகளையும், பிறகு எதிர்ப்பக்கத்து வளைவுகளையும் பாருங்கள். தெற்கே எல்லாம் அரைவட்டம். வடக்கே எல்லாம் உச்சியில் கூர். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே காலத்தின் பாணி மாறிவிட்டது, கொத்தனார்களும் மாறிவிட்டார்கள். நம் கோயிலில் கருவறை ஒரு காலம், மண்டபம் ஒரு காலம் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடும். தூண்களின் தலைப்பகுதியில் குட்டி மனிதர்களும் மிருகங்களும் செதுக்கியிருக்கிறார்கள். துறவிகளுக்குப் பிறகு படைவீரர்கள் இதை முகாமாகப் பயன்படுத்தினார்கள்.

இன்னொன்று கிங் ஹவுஸ். ஒரு நிலப்பிரபுவின் மாளிகை, பிறகு பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த கானாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவின் பாசறை. இந்தப் படையின் கதையை உள்ளே அவசரப்படாமல் படியுங்கள். 1920 ஜூன் மாதம், பஞ்சாபில் ஜலந்தரில் இருந்த இந்தப் படையினர், தங்கள் ஊரில் பிரிட்டிஷ் ராணுவம் செய்யும் அட்டூழியத்தைக் கேள்விப்பட்டு ஆயுதத்தைக் கீழே போட்டார்கள். இந்தக் கலகத்துக்காக ஜேம்ஸ் டேலி என்ற இளைஞரை அந்த வருடம் நவம்பர் 2-ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். 1970 வரை அவர் உடல் இந்திய மண்ணில்தான் இருந்தது, அப்புறம்தான் ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

லாக் கீ

ஏரிக்கு அவர்கள் சொல்லும் பெயர் லாக். கடைசி எழுத்தைத் தொண்டையில் உரச வேண்டும், "அஃது" என்பதில் வரும் ஆய்தம் மாதிரி. மாப்பிள்ளைக்கு ஐந்து வருடமாக வராத உச்சரிப்பு எனக்கு முதல் நாளே வந்துவிட்டது.

பாயிலிலிருந்து சில கிலோமீட்டரில் லாக் கீ வனப் பூங்கா. டாக்சி பேசிக்கொள்ளலாம். முப்பதுக்கும் மேற்பட்ட தீவுகள் உள்ள ஏரி. ஒரு தீவு முழுக்க ஒரே கோட்டைதான், தண்ணீரிலிருந்து நேராக முளைத்த மாதிரி. இந்தப் பகுதியை ஆண்ட மக்டெர்மட் குடும்பத்தின் இடம் அது. இன்னொரு தீவில் காதல் கதை. ஊனா என்ற மக்டெர்மட் பெண்ணை டோமாஸ் காஸ்டெல்லோ என்பவன் விரும்பினான். வீட்டில் சம்மதமில்லை. அவள் படுத்த படுக்கையானாள். பார்க்க வந்தவன், கிளம்பி ஆற்றைக் கடப்பதற்குள் கூப்பிட்டு அனுப்பாவிட்டால் திரும்பியே பார்ப்பதில்லை என்று சபதம் போட்டான். ஆற்றில் நின்று நின்று பார்த்துவிட்டுக் கரையேறினான். அப்போதுதான் ஆள் வந்து சேர்ந்தான். அவள் இறந்துபோனாள். இவன் ஒவ்வொரு இரவும் நீந்தி அவள் கல்லறைக்குப் போய்ப் போய், கடைசியில் இவனையும் பக்கத்திலேயே புதைத்தார்களாம். இரண்டு கல்லறையிலிருந்தும் மரம் முளைத்துப் பின்னிக்கொண்டதாம். "ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா, அவசரக்குடுக்கை" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அதேதான் தோன்றியது.

பூங்காவில் மரங்களின் உச்சியை ஒட்டி 300 மீட்டர் நடைபாதை உண்டு, முழங்கால் வலிக்காரர்களுக்கும் சிரமமில்லை, சரிவுதான். ஆனால் நீங்கள் தவறவிடக் கூடாதது பூமிக்கு அடியில் இருக்கிறது. இங்கே ராக்கிங்ஹாம் என்ற பெரிய மாளிகை இருந்தது, 1957-இல் எரிந்துபோனது. மாளிகை போனாலும் சுரங்கப்பாதை மிச்சமிருக்கிறது. விறகும் சாமானும் கொண்டுவரும் வேலைக்காரர்கள் எஜமானர்களின் கண்ணில் பட்டு ஏரியின் அழகைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே வெட்டியது. உள்ளே கல் வளைவு தலைக்கு மேலே தாழ்வாக, சுவரெல்லாம் ஈரம் கசிந்து, மண்வாசனையோடு இருக்கும். கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். கடைசியில் சட்டென்று ஏரி வெளிச்சம். அந்த அழகைச் சுமை தூக்கியவர்களும் அந்த ஒரு நொடி பார்த்திருப்பார்கள். மாளிகை நின்ற இடத்தில் இப்போது கான்கிரீட்டில் ஒரு கோபுரம், மொய்லர்க் டவர். பார்க்க அழகில்லை. மேலே ஏறினால் ஏரி முழுவதும் தெரியும், அதற்காக மன்னிக்கலாம்.

படகும் மதகும்

ஷானனில் க்ரூசர் படகை வாடகைக்கு எடுக்க லைசென்ஸ் தேவையில்லை. எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, லைஃப் ஜாக்கெட்டையும் சாவியையும் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே படுக்கை, கழிவறை, கேஸ் அடுப்பு எல்லாம் உண்டு. மாப்பிள்ளை ஒரு வார இறுதிக்கு எடுத்தார். கேரிக்கில் ஏறி, ஷானனிலிருந்து பாயில் ஆற்றுக்குள் திரும்பி, லாக் கீ போய்ச் சேர்வது. பரபரப்பில்லாமல் போனால் இரண்டு மூன்று மணி நேரம். நான் நாணல் காட்டின் நடுவே எலுமிச்சை சாதம் கிளறினேன்.

வழியில் நாக்விக்கரில் கிளாரண்டன் லாக். இந்த லாக் ஏரி அல்ல, ஆற்று மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் மதகு. கல்லில் கட்டிய நீளத் தொட்டி, இரண்டு முனையிலும் கனத்த கதவு. நீங்கள் உள்ளே போனதும் பின்கதவு மூடும். மேல்பக்கத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். பாசி பிடித்த சுவர் கண் எதிரே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவது போல இருக்கும், உண்மையில் நாம்தான் ஏறுகிறோம். மட்டம் சமமானதும் முன்கதவு திறக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கரையில் இருக்கும் முளையைச் சுற்றிக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், முடிச்சுப் போடக் கூடாது. திரும்பும்போது தண்ணீர் இறங்கும். முடிச்சுப் போட்டிருந்தால் படகு கயிற்றில் தொங்கும். என் வீட்டுக்காரர் பெட்டி கட்டும் பழக்கத்தில் இரண்டு முடிச்சுப் போட்டு, மதகுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். திருவல்லிக்கேணிப் பக்கம் பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் லாக் நகர் இருக்கிறதே, அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு இப்போது இந்த முடிச்சுதான் ஞாபகம் வருகிறது.

கேரிக்கில் படகு ஏறுவதற்கு முன் காஸ்டெல்லோ சாப்பலைப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். 16 அடி நீளம், 12 அடி அகலம், அவ்வளவுதான் மொத்தக் கோயிலும். 1877-இல் இறந்த மனைவிக்காக ஒரு வியாபாரி கட்டியது. நுழைந்ததும் இடது பக்கமும் வலது பக்கமும் தரைக்குள் கண்ணாடி. அடியில் ஆளுக்கொரு சவப்பெட்டி.

வண்டி இருந்தால் மட்டும்

மற்ற இடங்களுக்கு பஸ்ஸை நம்ப முடியாது. இந்திய லைசென்ஸோடு சுற்றுலா வந்தவர்கள் அங்கே ஓட்டலாம், இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், வாடகைக் கம்பெனியின் வயது வரம்பை மட்டும் முதலில் கேளுங்கள். சாலை குறுகல், இரண்டு பக்கமும் வேலி. எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவார். திட்டுவதில்லை, வணக்கம். நீங்களும் தூக்குங்கள்.

ஸ்ட்ரோக்ஸ்டவுன் போவதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். மாளிகையும் தேசியப் பஞ்ச அருங்காட்சியகமும். 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் நோயில் அழிந்து, பத்து லட்சம் பேர் இறந்து, அதைவிட அதிகமானவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். 1847-இல் இந்த ஒரு பண்ணையிலிருந்து 1,490 குடியானவர்களை கனடாவுக்கு அனுப்பிவைத்தார்கள். அவர்கள் ராயல் கால்வாய் ஓரமாக டப்ளின் வரை நடந்தே போனார்கள். அந்த 165 கிலோமீட்டர் இப்போது ஒரு நடைபாதை, வழியில் வெண்கலத்தில் குட்டிக் குட்டி ஷூக்கள் வைத்திருக்கிறார்கள். அந்த நவம்பரில் நிலப்பிரபு டெனிஸ் மஹோனைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் நடந்த அந்த ராயல் கால்வாய், நான் ரயிலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்த அதே கால்வாய். நம் ஊரிலும் 1876-78 தாது வருடப் பஞ்சத்தில்தான், பசியில் வந்தவர்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாயை வெட்டினார்கள். ஐம்பது வருடமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிய கால்வாய். அருங்காட்சியகத்தில் அதிகம் பேசத் தோன்றவில்லை. மாளிகைச் சமையலறையில் மேலே ஒரு மாடம் இருக்கிறது. அம்மணி அங்கே நின்று, அந்த வாரத்து மெனுவைக் கீழே சமையற்காரர்களுக்குப் போடுவாராம், உள்ளேயே இறங்காமல்.

அரிக்னா சுரங்கத்துக்கும் போங்கள். நிலக்கரி வெட்டி 1990-இல் மூடியது. சுற்றிக் காட்டுபவர்கள் முன்னாள் தொழிலாளர்கள். எங்களோடு வந்த பெரியவர் ஈரத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, ஒரு முழ உயர இடுக்கில் எப்படிப் பிக்காசு வீசினார் என்று செய்துகாட்டினார். எழுந்தபோது என் வீட்டுக்காரர் கை கொடுத்தார். உள்ளே எப்போதும் பத்து டிகிரி குளிர், ஸ்வெட்டர் அவசியம்.

கேரோகீல், லாக் ஆரோவுக்கு மேலே மலை முகட்டில் இருக்கும் ஐயாயிரம் வருடப் பழைய கற்குவைக் கல்லறைகள். செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்வட்டம், கல்திட்டை பார்த்தவர்களுக்கு ஒட்டுறவு தெரியும். கடைசிப் பகுதி கல் பாதையில் நடை. குவைகளின்மேல் ஏறாதீர்கள், சரிகின்றன. முழங்கால் சரியில்லாவிட்டால் விட்டுவிடுங்கள். நான் மட்டும் மகளோடு போனேன். ஆட்டு மந்தைக்கு நடுவே நடக்கும்போது ஒரு விதி: திறந்த கேட்டைத் திறந்தபடியும், மூடிய கேட்டை மூடியபடியும் விடுங்கள். எல்லாம் யாரோ ஒருவரின் சொந்த நிலம்.

கடைசி நாள், ஷானன் ஆறு பிறக்கும் குட்டையான ஷானன் பாட். டிரம்ஷான்போவிலிருந்து டவுரா வழியாகப் போனால் குடியரசுக்குள்ளேயே இருக்கலாம். வழியில் சதுப்பு நிலத்தில் வெட்டிய கரி மண்ணைக் கட்டி கட்டியாக அடுக்கிக் காயவைத்திருப்பார்கள், அப்படியே நம் வரட்டி. அடுப்பெரிக்கத்தான். நாட்டின் மிக நீளமான ஆறு, 360 கிலோமீட்டர் ஓடுவது, தொடங்கும் இடத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். மரங்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு வட்டக் குட்டை, கிணற்றடி அளவு. குயில்கா மலைக்குள் மறைந்த நீரெல்லாம் பூமிக்கடியில் வந்து இங்கே எழுகிறது. கமண்டலமும் காக்கையும் இங்கே கிடையாது, ஷானன் என்ற பெண் இருக்கிறாள். ஞான மீனைத் தேடிக் கிணற்றைத் திறந்தாள், தண்ணீர் பொங்கி அவளை அடித்துக்கொண்டு போனது, அவள் பெயரே ஆற்றுக்கு. பொறுமையாகப் பார்த்தால் குட்டையின் நடுவில் தண்ணீர் லேசாகப் புடைத்துப் புடைத்து அடங்குவது தெரியும். நான் கொஞ்சம் தலையில் தெளித்துக்கொண்டேன்.

அங்கிருந்து பிளாக்லயன் கிராமம். ஸ்கோனும் டீயும் நல்ல கடை பார்த்துச் சாப்பிட்டுவிட்டு, தெரு முடியும் வரை நடந்தோம். ஒரு சின்னப் பாலம். அந்தப் பக்கம் பெல்கூ என்ற கிராமம், ஃபெர்மனா, பிரிட்டன். இன்னும் உள்ளே போனால் மார்பிள் ஆர்ச் குகைகளும், டெவெனிஷ் தீவின் உருளைக் கோபுரமும், எங்கள் 28,000 ரூபாய் அறையும். ஒரு பாட்டி பையில் ரொட்டி வாங்கிக்கொண்டு அந்த நாட்டிலிருந்து இந்த நாட்டுக்குச் சாவகாசமாக நடந்து வந்தார். எங்களைப் பார்த்து, "வாங்களேன், பக்கத்தில்தான் இருக்கிறது" என்கிற மாதிரி தலையை ஆட்டினார். என் வீட்டுக்காரர் பாலத்தின் பாதி வரை போய், எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து விசா ஸ்டிக்கரை இன்னொரு தடவை படித்தார்.